ஒரிகாமி (காகித மடிப்புக் கலை): சிபி, அதாவது மடிப்புக் கோடுகள மட்டும் காட்டுற படம், அத மட்டும் பாத்து மடிச்சவங்க அனுபவம் சொல்லுங்க

காகிதவண்டு:
ஒரிகாமி டிசைனர் ராபர்ட் லேங்கோட பூச்சி ஒண்ணு, சிபி மட்டும்தான், ஸ்டெப் எதுவும் கிடையாது. மடிச்சு முடிச்சத விட அதத் திரும்பப் பிரிச்சுப் பாத்ததுதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. ஒவ்வொரு கால் நுனியிலயும் பென்சில் புள்ளி வச்சுட்டு பேப்பர முழுசா விரிச்சு, புள்ளிய மையமா வச்சு கால் நீளத்துக்கு காம்பஸ்ல வட்டம் போட்டேன். சில வட்டம் தொட்டுக்கிட்டு நிக்குது, சிலதுக்கு நடுவுல உடம்புக்குன்னு ஒரு பட்டை ஓடுது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறவே இல்ல! ஒரு கால பேப்பர் மூலையில இருந்து எடுத்தா கால்வாசி வட்டம் போதும், ஓரத்துலன்னா அரை, நடுவுலன்னா முழு வட்டம், அதான் நடுப்பேப்பர்ல இருந்து வர்ற கால் அவ்ளோ தடியா இருக்கு. சர்க்கிள் பேக்கிங் (இப்படி காலுக்கு ஒரு வட்டம்னு பேப்பர்ல அடுக்கறது) பத்தி எவ்ளோவோ படிச்சிருந்தும் அதக் கண்ணால பாத்தப்ப சிலிர்த்துருச்சு.

பள்ளமடிப்பு:
@காகிதவண்டு வட்டம்லாம் சரிங்க, டிசைன்னா அது மட்டுமா? ஒரு கண்காட்சியில வயசானவர் ஒருத்தர் கெட்டிப் பேப்பர ஈரத்துணியால லேசா நனைச்சு யானை மடிச்சுட்டு இருந்தாரு, ஜப்பான் ஒரிகாமி மாஸ்டர் யோஷிசாவா கொண்டுவந்த வெட் ஃபோல்டிங், மடிப்பு ரொம்பக் கம்மி, கட்டைவிரலால ஒரே ஒரு அழுத்து, தோள்பட்டை எலும்பு தெரிஞ்சுது. எந்த வட்டம் அதக் குடுக்கும்? 90கள்ல டிசைனர்கள் பூச்சிக்குக் காலும் கொம்பும் கூட்டிக் கூட்டி போட்டி போட்டாங்களே, அதுல எத்தன பூச்சி இன்னைக்கும் நம்மள நின்னு பாக்க வைக்குது?

கிரிட்பைத்தியம்:
நான் டிசைனர் சடோஷி காமியாவோட ரியூஜின் 3.5ங்கற டிராகன்ல செதில் மட்டும் தனி ஷீட்ல பண்ணேன். ஒரு வரிசை எழுந்து நின்னதும் பக்கத்துல இருந்த என் பொண்ணு "அப்பா இது மூச்சு விடுது"ன்னா. அவ்ளோதான்.
புதுசா ஆரம்பிக்கறவங்க ஏ4 ஜெராக்ஸ் பேப்பர் எடுக்காதீங்க, லேயர் ஏற ஏற மடியாது. ரெண்டு டிஷ்யூ ஷீட்ட எம்சி (மெத்தில் செல்லுலோஸ் பசை) தடவி ஒட்டி கண்ணாடி மேல காய வைங்க. கிரிட் (பேப்பர சமக் கட்டமா பிரிக்கற கோடுகள்) 64னா பாதி பாதியாவே போயிடலாம், 48, 96னா முதல்லயே மூணா பிரிச்சுடுங்க. மை தீர்ந்த பால்பாயிண்ட்டால கோடு அழுத்துங்க. எல்லாக் கோட்டையும் சேத்து மடக்கும்போது கொலாப்ஸ் ஆகலன்னா இழுத்துக் கிழிக்காம, பேப்பருக்கு உள்ள கோடுகள் சேர்ற புள்ளியில மலை (மேல எழும்பற மடிப்பு) எத்தன பள்ளம் (உள்ள போற மடிப்பு) எத்தனன்னு எண்ணுங்க, வித்தியாசம் 2 வரணும், அது மாயேகவா விதி. அதே புள்ளியில ஒண்ணு விட்டு ஒண்ணு கோணத்தக் கூட்டினா 180, அது கவாசாகி விதி. இதெல்லாம் சரியா இருந்தும் சில சிபி மடியாது, ஏன்னா லேயர் ஒண்ண ஒண்ணு குத்தும்.

மலைமடிப்பு:
@பள்ளமடிப்பு பாதி ஒத்துக்கறேன். ட்ரீமேக்கர்ங்கற சாஃப்ட்வேர்ல பல்லிக்கு குச்சிப்படம் போட்டு வந்த சிபிய மடிச்சேன், வால், விரல் எல்லா நீளமும் கரெக்ட்டு, ஆனா எப்படித் திருப்பிப் பாத்தாலும் அது பல்லியா இல்ல, இன்னும் உருவம் வராத பேஸாவே இருந்துச்சு. அதுக்காக கணக்க ஒதுக்காதீங்க, எரிக் ஜுவாசெல் சிற்பியா இருந்து வந்தவர், அவரோட எறும்புத்தின்னி செதில பாருங்க, ப்ளீட் (அடுக்கு மடிப்பு) கணக்கும் ஈரத்துல வளைச்ச முதுகும் ஒரே ஷீட்ல இருக்கும்.
@காகிதவண்டு வட்டம் போட்ட பேப்பர ஃபோட்டோ எடுத்துப் போடுங்களேன், உடம்புப் பட்டை எந்த வழியா போகுதுன்னு பாக்கணும்.