லாஞ்சர் மாற்றிப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆண்ட்ராய்டு போனின் முகப்புத் திரையையும் ஆப் பட்டியலையும் காட்டும் ஆப்தான் லாஞ்சர். ரொம்ப காலமாக நோவா லாஞ்சர்தான் வைத்திருந்தேன். 2022-இல் பிராஞ்ச் என்ற நிறுவனம் அதை வாங்கியது; 2025 செப்டம்பரில் அதை உருவாக்கிய கெவின் பேரியே விலகிவிட்டார். இனி யாரை நம்பி வைத்திருப்பது? வேறு லாஞ்சர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

அதிக நாள் நிலைத்தது நயாகரா. ஐகான் கட்டமே கிடையாது. அடிக்கடி தேவைப்படும் ஆப்கள் மட்டும் பெயரோடு ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மற்றவை வேண்டுமானால், ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மேலும் கீழும் இழுக்க வேண்டும். எழுத்துகள் விரலைச் சுற்றி அலை மாதிரி வளைந்து வரும். வேண்டிய எழுத்து வந்ததும் அதில் தொடங்கும் ஆப்கள் எதிரே தெரியும். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுதான் இதன் அருமை புரிகிறது. பெரிய போனில் மேல் மூலை ஐகானைத் தொட விரலை நீட்டி நீட்டிப் போனைக் கீழே போடுகிற வேலை இல்லை.

அப்புறம் ஓலாஞ்சர். இலவசம், மூலநிரலும் (ஆப் எழுதப்பட்ட நிரல்) யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. திரையில் நேரம், சில ஆப் பெயர்கள், அவ்வளவுதான். மேலே இழுத்து ஓரிரண்டு எழுத்து அடித்தால் போதும். பொருந்துவது ஒரே ஒரு ஆப் என்றால் தொடாமலே திறந்துகொள்ளும். வண்ண ஐகான்கள் கண்ணில் படாததால் சும்மா போனை எடுத்து எதையாவது திறக்கிற பழக்கம் குறையும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை; ஆப் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டே அடிக்கப் பழகிவிட்டேன்.

எந்த லாஞ்சர் போட்டாலும் தலைவலி ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 9 வந்தபோது, சமீபத்தில் திறந்த ஆப்களைக் காட்டும் திரை போனோடு வரும் லாஞ்சருக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. வெளி லாஞ்சர் போட்டாலும் அந்தத் திரையைப் பழைய லாஞ்சர்தான் பின்னால் இருந்து காட்டும். அதனால்தான் கீழிருந்து இழுக்கும்போது ஒரு திக்கல், ஒரு வெற்றுத் திரை. என் பழைய போனிலோ வெளி லாஞ்சரை நிரந்தரமாக்கியதும் விரலை இழுத்தே போனை இயக்கும் சைகை வசதியே போய், மூன்று பொத்தான்கள் வந்து உட்கார்ந்தன. போன் வாங்கும்முன் இதையும் கேட்டுவிடுங்கள் (கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை).

* * *

மேலே எழுதிய நண்பர் தனக்காக மாற்றியிருக்கிறார். நான் அம்மாவுக்காக மாற்றினேன்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன் வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து "என்னடா, வாட்ஸப்பைக் காணோம்" என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. காணாமல் போகவில்லை. அம்மா அழுத்தித் தொடுவார்; போன் அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு ஐகானை நகர்த்தத் தயாராகும்; விரல் சற்று விலகினால் ஐகான் வேறு பக்கத்துக்கோ ஃபோல்டருக்குள்ளோ போய்விடும். இதற்குத் தனி ஆப் எதுவும் வேண்டியதில்லை. பல போன்களில் முகப்புத் திரை அமைப்புகளில் தளவமைப்பைப் பூட்டும் வசதி இருக்கிறது. அதை இயக்கிய பிறகு அந்தப் புகார் நின்றது.

அடுத்து, வாட்ஸப்பில் ஒருவருடைய உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ஷார்ட்கட் சேர்க்கச் சொன்னால், அவருடைய படமே ஒரு வட்டமாக முகப்புத் திரைக்கு வந்துவிடும், மூலையில் சின்னதாக வாட்ஸப் அடையாளத்தோடு. அக்கா, நான், பேத்தி, மாடி வீட்டு சரசு அத்தை என்று முகங்களாக வைத்தேன். சாதாரண அழைப்புக்கு நேரடி டயல் விட்ஜெட். தொட்டால் அந்த எண்ணுக்கு அழைப்பு போய்விடும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஒருவர் டிபியை மாற்றினாலும் முகப்பில் பழைய படமே நின்றது. அம்மாவுக்கு அது நல்லதாகப் போயிற்று. பேத்தி வாரம் ஒரு படம் வைப்பாள், பூவும் பூனையுமாக.

இன்னொன்று, அந்தப் போனின் பூட்டுத் திரையில் தினம் ஒரு படம் மாறிக்கொண்டே இருக்கும். பார்க்க அழகு. ஆனால் கை பட்டால் செய்தி, விளம்பரம். "போனை எடுத்தாலே சேலைக்கடை வருதுடா" என்றார் அம்மா. அமைப்புகளில் வால்பேப்பர் பக்கத்தில் ஒளிந்திருந்ததைத் தேடி அணைத்தேன். பெரியவர்கள் போனில் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன், ஐகானைப் பெரிதாக்குவதெல்லாம் அப்புறம்.

* * *

ஐபோன்காரர்கள் பக்கமும் கொஞ்சம். முகப்புத் திரையில் விட்ஜெட் வைக்க 2020-இல் ஐஓஎஸ் 14 வரும்வரை காத்திருந்தோம். அப்போது எல்லோரும் ஆப்பிளின் ஷார்ட்கட்ஸ் ஆப்பை வைத்து ஐகான் படங்களை மாற்றினார்கள், நானும்தான். ஆனால் அப்படி மாற்றிய ஐகானில் படிக்காத செய்திகளின் சிவப்பு எண்ணிக்கை தெரியாது. தொட்டால் முதலில் ஷார்ட்கட்ஸ் திறந்து, பிறகுதான் ஆப் வரும். 14.3-இல் அந்தச் சுற்றுவழி குறைந்தது. 2024-இல் ஐஓஎஸ் 18 வந்த பிறகுதான் ஐகானை விரும்பிய இடத்தில், நடுவில் இடம் விட்டு வைக்க முடிந்தது. ஆண்ட்ராய்டு நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது, சிரியுங்கள்.

* * *

போன் மொழியைத் தமிழில் வைத்திருப்பவர் யாரும் இங்கே இல்லையா? நான் வைத்திருக்கிறேன். லாஞ்சர் தேர்வு செய்யும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஐகானுக்குக் கீழே பெயரை இரண்டு வரியில் காட்டுமா? காட்டாவிட்டால் 'தொடர்பு…', 'அமைப்பு…' என்று எல்லாம் பாதியில் நிற்கும். எழுத்தளவைக் குறைத்தால் கொம்பும் புள்ளியும் கண்ணுக்குத் தெரியாது. பெயர்களை அடியோடு நீக்கிவிட்டு ஐகானை மட்டும் வைத்துப் பார்த்தேன், அது நன்றாகவே இருக்கிறது.

தேடும்போது வேறு கூத்து. கேமரா, கடிகாரம் போன்றவை தமிழில் இருக்கும். வங்கி, ரயில் டிக்கெட் ஆப்கள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் கேமரா என்று அடித்தால் நான் போட்ட சில லாஞ்சர்கள் கைவிரித்துவிட்டன. எழுத்து வரிசையை நம்பும் நயாகரா மாதிரியானவற்றில் இரண்டு வரிசையையும் துழாவ வேண்டும். கடைசியில் அடிக்கடி தேவைப்படும் ஆப்களின் பெயரை நானே மாற்றி வைத்தேன். வங்கி ஆப்புக்குப் பெயர் 'பணம்', மின்கட்டண ஆப்புக்கு 'கரண்ட்'. பெயர் மாற்ற விடும் லாஞ்சராகப் பாருங்கள்.

* * *

முதலில் எழுதியவருக்கு: இரண்டு முறை தட்டினால் திரை அணையும் வசதியை லாஞ்சரில் இயக்கப் போகிறீர்கள் என்றால், அது என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். போனைப் பூட்டும் அதிகாரம் தரும் சாதன நிர்வாகி அனுமதி வழியாக அணைத்தால், திரும்பத் திறக்க விரல்ரேகை ஏற்காது, ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்கும். ஆண்ட்ராய்டு 9 முதல், பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கு உதவும் ஆப்களுக்கான அணுகல்தன்மை அனுமதி வழியாக அணைத்தால் விரல்ரேகை வேலை செய்யும். ஆனால் அது திரையில் இருப்பதைப் படிக்கவும் இடம் தரக்கூடிய அனுமதி. மூலநிரல் திறந்திருக்கும் லாஞ்சருக்கு நான் கொடுப்பேன், நேற்று முளைத்த 'அழகு தீம்' ஆப்புக்குக் கொடுக்க மாட்டேன்.

பழைய லாஞ்சரை நீக்கும்முன் முகப்பை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோவாவின் பேக்கப் நோவாவில்தான் விரியும், வேறு லாஞ்சரில் ஃபோல்டரையும் விட்ஜெட்டையும் கையால்தான் அடுக்க வேண்டும்.