உக்கிராண அறையில் 40–15

குழு: மேலத்தெரு வீடு

வித்யா: எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்து மாலை வரவேற்பில் திரையிட ஐந்து நிமிடப் படம் ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். குடும்பப் புகைப்படங்கள் சேர்ந்துவிட்டன. சித்தப்பா உயிரை வைத்திருக்கும் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரருக்கு அதில் ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். சித்தப்பா, உங்கள் மனதுக்கு நெருக்கமான மூன்று ஆட்டங்களை மட்டும் இன்றிரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா: குழுவின் விதியை மீண்டும் நினைவூட்டுகிறேன். எழுத்துத் தமிழில் முழு வாக்கியமாக எழுத வேண்டும். கட்டைவிரல் படம் பதில் ஆகாது.

அரவிந்த்: கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன், அப்பா.

சித்தப்பா: வித்யா, யோசிக்கவே தேவையில்லை. 2008 விம்பிள்டன் இறுதி, 2011 அமெரிக்க ஓபன் அரையிறுதி, 2019 விம்பிள்டன் இறுதி.

அரவிந்த்: சித்தப்பா, மூன்றிலும் அவர் தோற்றுப்போனார்.

சித்தப்பா: அது எனக்குத் தெரியாதா, அரவிந்த்?

சித்தி: வித்யா, இவர் பேச்சைக் கேட்காதே. மணையில் உட்கார்ந்து மாலை மாற்றிக்கொள்ளும் நாளில் தோற்றுப்போன கதையையா திரையில் ஓட்டுவது? அந்த மனிதர் இருபது கிராண்ட்ஸ்லாம் வாங்கியிருக்கிறார். அதில் மூன்றைப் போடு.

அத்தை: 2019 என்ற எண்ணை இந்தக் குழுவில் எழுதும் துணிவு தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கவிதா: அம்மா, தொடங்காதீர்கள்.

சித்தப்பா: அக்கா, அதற்கு வருகிறேன். முதலில் வித்யாவுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். அவர் வென்ற இருபதும் என் நினைவில் ஏறக்குறைய ஒரே படமாகக் கலந்துகிடக்கின்றன. கடைசிப் பந்து, முழங்காலில் சரிதல், கண்ணீர், கோப்பை. எந்த ஆண்டு எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் தடுமாறிவிடுவேன். தோற்றவற்றில் அந்தக் குழப்பமே கிடையாது. எந்தப் பந்து எந்தக் கோட்டுக்கு எவ்வளவு வெளியே விழுந்தது என்பதுவரை இன்றும் சொல்வேன்.

2008 ஜூலை 6. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வென்ற அதே கோர்ட்டில், புல்தரையில் 65 ஆட்டங்கள் தோற்காமல் வந்தவர், முதல் இரண்டு செட்டையும் 6–4, 6–4 என்று நடாலிடம் கொடுத்துவிட்டார். மழை வந்து ஆட்டத்தை நிறுத்தியது, விட்டது, மறுபடியும் வந்தது. சென்டர் கோர்ட்டுக்கு மூடும் கூரை மறு ஆண்டுதான் வந்தது. மூன்றாவது செட்டை, கேம்கள் 6–6 என்று சமமானால் வைக்கும் டைபிரேக்கில் மீட்டார். நான்காவது டைபிரேக்கில் நடால் 5–2 என்று முந்தியிருந்தார். அங்கே இரண்டு சர்வையும் தவறவிட்டு ஒரு டபுள் ஃபால்ட் போட்டார். பிறகு 7–8இல், நடாலுக்குக் கோப்பை ஒரே ஒரு புள்ளி தொலைவில் இருந்தபோது, ஃபெடரர் கோட்டை ஒட்டி நேராக அடித்த பேக்ஹேண்டைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில்தான் பக்கத்து வீட்டு நாய் அன்றிரவு முழுவதும் குரைத்தது.

சித்தி: நாய் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து வந்தார்.

சித்தப்பா: வந்தவர் ஐந்தாவது செட் முடியும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார். ஐந்தாவது செட் 9–7 என்று நடாலுக்குப் போனது. மொத்தம் 4 மணி 48 நிமிடங்கள். லண்டனில் இரவு ஒன்பதேகால், நமக்கு ஒன்றேமுக்கால். பந்து தெரிகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு இருட்டிவிட்டது. கடைசி ஃபோர்ஹேண்ட் வலையில் விழுந்தது. நடாலின் சர்வை முறியடிக்க, அதாவது அவர் சர்வ் போடும் கேமை வெல்ல, அன்று 13 வாய்ப்புகள் வந்தன, எடுத்தது ஒன்றுதான். இருந்தாலும் அந்தத் தோல்வி எனக்கு வலித்ததே தவிர உறுத்தவில்லை. அன்று நடால் வென்றார். ஃபெடரர் கையில் இருந்ததைத் தவறவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.

பெரியப்பா: எங்களுக்கு 1973ஆம் ஆண்டு விஜய் அமிர்தராஜ். விம்பிள்டன் கால் இறுதியில் யான் கோடெசிடம் ஐந்தாவது செட்டில் 5–7 என்று தோற்றார். கோடெஸ் அந்த ஆண்டுக் கோப்பையையே வாங்கிக்கொண்டு போனார். எங்களுக்குத் தோல்விகூட மறுநாள் செய்தித்தாளில் காபியோடுதான் வந்து சேரும். நடு இரவில் நாயைக் குரைக்கவைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

அரவிந்த்: சித்தப்பா, ஜோகோவிச்சின் ரசிகன் என்ற முறையில் 2011ஐ நான் வழிமொழிகிறேன். அந்தப் படத்தை மட்டும் இரண்டு முறை காட்டலாம்.

சித்தப்பா: உன்னை எடுத்து வளர்த்த கைகள் இவை, அரவிந்த். அதை மறந்துவிடாதே.

2011ஐப் புரிந்துகொள்ள 2010இலிருந்து வர வேண்டும். அதே நியூயார்க், அதே அரையிறுதி, அதே ஜோகோவிச், அங்கும் வெற்றிக்கு ஒரே புள்ளி பாக்கியிருந்த இரண்டு மேட்ச் பாயின்ட் கையைவிட்டுப் போனது. மறு ஆண்டு முதல் இரண்டு செட்டும் ஃபெடரருக்கு. அந்த ஆண்டு விம்பிள்டனில் சோங்காவிடம் தோற்கும்வரை, கிராண்ட்ஸ்லாமில் இரண்டு செட் முன்னிலை பெற்ற எந்த ஆட்டத்தையும் அவர் இழந்ததே கிடையாது. நியூயார்க்கில் ஐந்தாவது செட்டில் 5–3, 40–15, அதாவது ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி, அதற்கு இரண்டு வாய்ப்பு, சர்வ் அவர் கையில். வெளிப்பக்கமாக நல்ல சர்வ்தான் போட்டார். ஜோகோவிச் அதைப் போனால் போகட்டும் என்பதுபோல் ஃபோர்ஹேண்டில் குறுக்காக விளாசினார். பந்து கோட்டுக்குள் விழுந்தது. உடனே இரண்டு கைகளையும் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஃபெடரர் ஒரு கேம்கூட எடுக்கவில்லை, 7–5. எனக்குக் கோபம் அந்த அடியின் மேல் இல்லை, அந்தக் கைகளின் மேல்.

அரவிந்த்: அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டா நிற்பார்கள்?

வித்யா: சித்தப்பா, ஒரு நிமிடம்தான் இருக்கிறது. மெல்பர்ன் அழுகை எல்லோருக்கும் தெரிந்த காட்சி ஆயிற்றே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

சித்தப்பா: 2009 ஆஸ்திரேலிய ஓபனைச் சொல்கிறாய். அரையிறுதியில் வெர்டாஸ்கோவுடன் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டு வந்த நடாலிடம், ஐந்தாவது செட்டை 6–2 என்று இழந்தார். வென்றிருந்தால் சாம்ப்ராசின் பதினான்கைத் தொட்டிருப்பார். பரிசளிப்பில் பேச்சு வராமல் அழுதார், நடால் தோளில் கைபோட்டுத் தேற்றினார். அழுதவரைக் கல்யாண மண்டபத்துத் திரையில் பெரிதாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதே ஆண்டு நியூயார்க் இறுதியில், இருபது வயது டெல் போட்ரோவிடம் பதினோரு டபுள் ஃபால்ட் போட்டுத் தோற்றதும் பட்டியலில் இல்லை. அது அவருடைய பிடிவாதத்தின் விலை. அதற்கு நான் அனுதாபப்பட மாட்டேன்.

சித்தி: அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விம்பிள்டன் வந்ததே, அதை இவர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். ஆண்டி ராடிக் ஐந்தாவது செட்டில் 14–16 என்று தோற்றார். இரண்டாவது செட் டைபிரேக்கில் 6–2 என்று முந்தியும் விட்டுவிட்டார். அந்தப் பையனின் சர்வை ஆட்டம் முழுவதும் ஒரே ஒரு முறைதான் முறியடித்தார்கள், அதுவும் கடைசி கேமில். நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது இவர் என்னைப் பாயசம் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை.

சித்தப்பா: சேமியா இல்லை என்றல்லவா அன்றைக்குச் சொன்னாய்?

சித்தி: சேமியா இருந்தது.

அத்தை: பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய சேமியாவை விடுங்கள். தம்பி 2019க்கு வரட்டும், நான் காத்திருக்கிறேன்.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அத்தை: நான் படித்துவிட்டேன். “அண்ணி இன்னுமா அதை விடவில்லை” என்று எழுதியிருந்தாய். விடவில்லை. 2019 ஜூலை 14, என் மகளின் நிச்சயதார்த்தம். இரவு பதினொரு மணிக்குச் சம்பந்தி வீட்டார் திருநெல்வேலிக்கு வேன் ஏறுகிறார்கள். தாம்பூலப் பையைக் கொடுத்து வழியனுப்ப வேண்டிய தாய்மாமனைக் காணவில்லை. “பெண்ணின் மாமா எங்கே” என்று மாப்பிள்ளையின் பாட்டி மூன்று முறை கேட்டார். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான் என்று நான் பொய் சொன்னேன். அந்த அம்மாள் இன்றைக்கும் தம்பியின் இரத்த அழுத்தத்தை விசாரிக்கிறார்.

பெரியப்பா: உண்மையில் எங்கேதான் இருந்தாய்? எனக்கும் இதுவரை தெரியாது.

சித்தப்பா: உக்கிராண அறையில் இருந்தேன், அண்ணா. இதை இன்று சொல்லிவிடுகிறேன். பிரிக்காத வாழை இலைக் கட்டின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் சமையல்காரரின் உதவியாளர் தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்து, அதே நேரத்தில் லார்ட்ஸில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆடிக்கொண்டிருந்த உலகக் கோப்பை இறுதியைத் தன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யவில்லை.

ஐந்தாவது செட்டில் 8–7, 40–15. இன்னும் சில வாரங்களில் 38 வயதாகப்போகும் மனிதர், கையில் சர்வ், கோப்பைக்கு இரண்டு வாய்ப்பு. சம்பந்தி வீட்டார் கிளம்புகிறார்கள் என்று யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரே பந்து, முடிந்ததும் ஓடி வந்துவிடுகிறேன் என்றேன். முதல் வாய்ப்பில் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் வலையை நோக்கி முன்னேறினார், ஜோகோவிச் குறுக்காகக் கடத்திவிட்டார். 8–8. அதன் பிறகு என் கால் நகரவில்லை, அக்கா. வென்றிருந்தால் வந்திருப்பேன், முதல் செட்டிலேயே தோற்கத் தொடங்கியிருந்தாலும் வந்திருப்பேன். அப்படியொரு நிலையில் விட்டுவிட்டு வர முடியவில்லை.

12–12இல் அந்த ஆண்டுதான் புதிதாகக் கொண்டுவந்திருந்த டைபிரேக், அதுவும் போனது. ஆட்டத்தில் மூன்று டைபிரேக், மூன்றும் ஜோகோவிச்சுக்கு. 4 மணி 57 நிமிடங்கள். பிறகு கணக்கைப் பார்த்தேன். மொத்தப் புள்ளிகள் ஃபெடரருக்கு 218, ஜோகோவிச்சுக்கு 204. எதிராளி தொடவே முடியாத சர்வான ஏஸ் 25க்கு 10. எதிராளி எட்டாமல் புள்ளி தந்த அடிகளான வின்னர் 94க்கு 54. இவை எல்லாவற்றிலும் முந்தியவர் தோற்றுவிட்டார். சற்று நேரத்தில் தேங்காய் மூட்டைக்காரர் தலையில் கைவைத்தார். அங்கே ஆட்டமும் சமம், சூப்பர் ஓவரும் சமம், கடைசியில் பவுண்டரியை எண்ணி நியூசிலாந்தைத் தோற்றதாக அறிவித்துவிட்டார்கள். ஒரே ஊரில் ஒரே நேரத்தில் ஒருவர் எண்ணிக்கையில் முந்தியும் தோற்றார், இன்னொருவர் எண்ணிக்கையாலேயே தோற்றார். நாங்கள் இருவரும் மீந்திருந்த பாதுஷாவைப் பேசாமல் தின்றோம். 2008இல் பறித்துக்கொண்டார்கள், 2019இல் தானே நழுவவிட்டார். அதனால்தான் எனக்கு இரண்டும் ஒன்றல்ல.

அரவிந்த்: இதைப் படித்தபின் எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. கிராண்ட்ஸ்லாம் கணக்கில் ஜோகோவிச்சின் 24க்கு ஃபெடரரின் 20 என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

பெரியப்பா: எழுதிவிட்டாய்.

சித்தப்பா: அவரே இதைச் சொல்லிவிட்டார். 2024இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது, 1526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு வென்ற தாம், ஆடிய புள்ளிகளில் 54 விழுக்காடுதான் வென்றதாகக் கணக்குச் சொன்னார். போன புள்ளியை மறந்துவிட்டு அடுத்ததை ஆட வேண்டும் என்பது அவர் மாணவர்களுக்குச் சொன்ன யோசனை. அவர் மறந்திருக்கலாம். எனக்கு அந்த இரண்டு புள்ளிகள் மறக்கவில்லை.

அத்தை: என் மகள் நிச்சயதார்த்தத்தில் நீயும் நூற்றுக்கு ஐம்பத்துநாலுதான் இருந்தாய். ஆனால் எண்பது மார்க்குக்கு மரியாதை எதிர்பார்க்கிறாய்.

கவிதா: மாமா, ஒன்று சொல்ல வேண்டும். என் நிச்சயதார்த்த வீடியோவில் நீங்கள் இருக்கிறீர்கள். வீடியோக்காரர் தாம்பூலப் பைகளைப் படமெடுக்க உக்கிராண அறைக்குள் வந்திருக்கிறார். வாழை இலைக் கட்டுக்கு முன்னால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வலது கையைப் பாதி தூக்கியபடி நிற்கிறீர்கள். கைபேசியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் 40–15 தெரிகிறது. ஏழு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், அம்மாவிடம் காட்டவில்லை.

அத்தை: கவிதா!

சித்தப்பா: அடுத்த இரண்டு பந்துகளும் அதில் இருக்கின்றனவா, கவிதா?

கவிதா: இல்லை, மாமா. பத்து நொடிதான். பிறகு அவர் வேனைப் படமெடுக்க வாசலுக்குப் போய்விட்டார்.

வித்யா: கவிதா, உடனே அனுப்புங்கள். ஃபெடரரின் ஒரு நிமிடத்துக்கு அந்தப் பத்து நொடியே போதும்.

சித்தி: அந்த மடித்துக்கட்டிய வேட்டியோடா? சம்பந்தி வீட்டாருக்கும் அழைப்பு வைத்திருக்கிறோம், மாப்பிள்ளையின் பாட்டி முதல் வரிசையில் உட்காருவார். வேண்டாம்.

அத்தை: முதலில் எனக்கு அனுப்பு. நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பெரியப்பா: இன்னொரு செய்தி. வரவேற்பு வைத்திருக்கும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்றுதான் விம்பிள்டன் ஆண்கள் இறுதி. நமக்கு இரவு எட்டரைக்குத் தொடங்கும் என்கிறான் அரவிந்த். மண்டபத்தில் உக்கிராண அறைச் சாவி என்னிடம் இருக்கும் என்பதை இப்போதே தெரிவித்துவிடுகிறேன்.

சித்தப்பா: அண்ணா, அவர் ஓய்வு பெற்று எத்தனையோ நாளாகிவிட்டது. இப்போது நான் யாருக்காகப் பார்க்கப்போகிறேன்?

சித்தி: போன ஆண்டும் இதையேதான் சொன்னீர்கள்.

வித்யா: படத்தில் எதைப் போடுவது என்று யாராவது முடிவாகச் சொல்லுங்கள். எடிட்டர் நாளை காலை பத்து மணிக்குக் கேட்பார்.

அத்தை: கவிதா, வீடியோ இன்னும் வரவில்லை.