கூப்பன் இரண்டு இருந்தும் ஒன்றைத்தான் எடுக்கிறது, என்ன செய்ய?

பைநிறைய:
ஷாம்பு கம்பெனி தந்த கூப்பன் ஒன்று, மொத்த பில்லில் 20% குறைக்கும் கடைக் கூப்பன் ஒன்று. இரண்டுக்கும் தேதி முடியவில்லை. ஆப்பில் ஒன்றைப் போட்டால் மற்றது கழன்றுவிடுகிறது. கவுண்டரில் கேட்டால் "சிஸ்டம் எடுக்காதுங்க" என்பதோடு சரி. கொடுப்பதையும் கொடுத்துவிட்டு ஏன் கையைக் கட்டுகிறார்கள்?

பழைய கேஷியர்:
கம்பெனிக் கூப்பனில் குறைத்த தொகையைக் கடை பிறகு கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும். ஒரு பொருளுக்கு இரண்டு எடுத்தாலோ, வேறு பொருளுக்கு எடுத்தாலோ கம்பெனி தராது. கேஷியர் கறாராக இருப்பது அதனால்தான். கடைக் கூப்பனோ கடையின் சொந்த லாபத்திலிருந்து போகிறது. வகைக்கு ஒன்று என்றால் சேர்த்து எடுக்கும் கடைகள் உண்டு. உங்கள் ஆப் இரண்டையும் ஒரே வகையாகப் பார்க்கிறது போல. சூப்பர்வைசரிடம் காட்டிக் கேளுங்கள்.

கணக்குப்புலி:
கடை 75க்கு வாங்கி 100க்கு விற்கும் பொருளுக்கு 20% போனால் 80. அதன்மேல் இன்னொரு கடைக் கூப்பனில் 15% போனால் 68. விற்க விற்க நஷ்டம்!

பைநிறைய:
அப்படியானால் கூப்பனே வேண்டாம், எல்லாருக்கும் விலையைக் குறைத்துவிடலாமே?

பழைய கேஷியர்:
அமெரிக்காவில் ஜேசி பென்னி என்ற பெரிய கடை நிறுவனம் 2012இல் அதைத்தான் செய்தது. அந்த ஆண்டே விற்பனை ஏறத்தாழ 25% விழுந்தது, அடுத்த ஆண்டு தலைமை அதிகாரியும் போனார். முழு விலைக்கே வாங்குகிறவருக்குக் குறைத்தால் கடைக்கு வீண் இழப்பு. குறைந்தால்தான் வாங்குவேன் என்பவர் கூப்பனைத் தேடி, தேதி பார்த்து, எடுத்து வருவார். அந்த அலைச்சல்தான் இருவரையும் பிரிக்கிறது. ஒரு பில்லுக்கு ஒன்று, இத்தனைக்கு மேல் வாங்கினால் மட்டும் என்பதெல்லாம் அந்தச் சல்லடையின் கண்ணைச் சின்னதாக்கும் வேலை. எனக்கும் எரிச்சல்தான், ஆனால் காரணம் இல்லாமல் இல்லை.

பைநிறைய:
சூப்பர்வைசர் இரண்டையும் எடுத்துக்கொண்டார், நன்றி! ஆனால் கம்பெனிக் கூப்பனை முதலில் அடித்ததும் மொத்தம் குறைந்து, 20%க்கான குறைந்தபட்சத் தொகையைத் தொடவில்லை. சோப்பு ஒன்று சேர்த்த பிறகுதான் எடுத்தது.

கணக்குப்புலி:
அந்தத் தொகையைக் கழிவுக்கு முன் பார்ப்பதா, பின் பார்ப்பதா என்பது கடைக்குக் கடை மாறும். சோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், 20%ஐயும் பிடித்துக்கொள்வார்கள்.