செல்வம் மாமா ஆபீஸுக்கு வி.பி.என்

*செவ்வாய், மாலை*

செல்வம் மாமா: கார்த்தி இருக்கியாப்பா? 20ஆம் தேதிக்குள்ள எல்லா பார்ட்டிக்கும் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டாகணும். ஆபீஸ் பொண்ணுங்க ராத்திரி வீட்லேருந்தே ஆபீஸ் டேலில கணக்கு பாக்கறோம்ங்கறாங்க. சிஸ்டம் பாக்கற தம்பி, ஃபயர்வால்ல 3389 போர்ட்டைத் திறந்துவிட்டா போதும்ங்கறாரு.

கார்த்தி: வேண்டவே வேண்டாம் மாமா. அது ரிமோட் டெஸ்க்டாப் போர்ட். திறந்து வச்சா ஊர்ல இருக்கறவன்லாம் பாஸ்வேர்ட் அடிச்சுப் பாத்துக்கிட்டே இருப்பான். உங்க ஃபயர்வாலான பிஎஃப்சென்ஸ் பெட்டியிலயே ஓபன்விபிஎன்ங்கற வி.பி.என் இருக்கு, வீட்லேருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பூட்டுப் போட்ட தனி வழி மாதிரி. அதைப் போட்டுக்கலாம்.

செல்வம் மாமா: சரி. "ஆபீஸ்"னு ஒரே யூசர் போட்டு எல்லாருக்கும் குடுத்துடலாமா?

கார்த்தி: ஆளுக்கு ஒரு யூசர், ஆளுக்கு ஒரு சர்ட்டிபிகேட், அதாவது டிஜிட்டல் அடையாள ஃபைல். அப்பதான் யார் எப்ப உள்ள வந்தாங்கன்னு லாக்ல தெரியும். ஒருத்தர் வேலையை விட்டுப் போனா அவர் கணக்கை மட்டும் மூடலாம்.

கார்த்தி: அதுமட்டும் போதாது மாமா, ஓடிபியும் வேணும். அமெரிக்காவுல 2021 மே மாசம் கொலோனியல் பைப்லைன்ங்கற எண்ணெய்க் குழாய் கம்பெனி நாள்கணக்கா நின்னுபோச்சு. உள்ள வந்தவங்க பிடிச்சது யாரும் பயன்படுத்தாத பழைய வி.பி.என் கணக்கு. பாஸ்வேர்ட் மட்டும்தான், ரெண்டாவது பூட்டு கிடையாது. 75 பிட்காயின் குடுத்தாங்க.

அம்மா: செல்வம், அவன் சொல்றபடி செய். ஊர்ப்பட்ட பேரோட பேன் நம்பரும் பேங்க் விவரமும் உன்கிட்ட இருக்கு.

செல்வம் மாமா: சரிக்கா. நித்யா ஆபீஸ்லதான் இருக்கா, அவளையே செய்யச் சொல்றேன்.

நித்யா: சொல்லுங்க அத்தான்.

கார்த்தி: பிஎஃப்சென்ஸ் பேக்கேஜ் மேனேஜர்ல ஃப்ரீரேடியஸ் போடு, உள்ள வர்ற ஆள் சரியான ஆள்தானான்னு பாக்கற ரேடியஸ் சர்வர் அது. அதுல ஒவ்வொரு யூசருக்கும் ஓடிபி ஆன் பண்ணி, போன்ல கோடு காட்டற ஆப்பான கூகுள் ஆத்தென்டிகேட்டரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பின் குடு. க்யூஆர் கோடு வரும், அவங்கவங்க போன்ல ஸ்கேன் பண்ணணும். அப்புறம் யூசர் மேனேஜர்ல ஆத்தென்டிகேஷன் சர்வரா 127.0.0.1, அதாவது அதே பெட்டிதான், போர்ட் 1812.

கார்த்தி: இனிமேதான் முக்கியமான இடம். ஓபன்விபிஎன் சர்வர்ல "பேக்எண்ட் ஃபார் ஆத்தென்டிகேஷன்"னு ஒரு லிஸ்ட். அதுல ரேடியஸ் மட்டும்தான் நீல நிறத்துல இருக்கணும். லோக்கல் டேட்டாபேஸும், அதாவது பெட்டியோட சொந்த யூசர் லிஸ்டும், சேர்ந்து தேர்வாகியிருந்தா, அங்க இருக்கற யூசர் ஓடிபி இல்லாம வெறும் பாஸ்வேர்ட்லயே உள்ள போயிடலாம்.

நித்யா: ரெண்டுமே நீலமா இருந்துச்சு! ரேடியஸை மட்டும் விட்டிருக்கேன்.

கார்த்தி: நல்லவேளை. "ஸ்ட்ரிக்ட் யூசர் சிஎன் மேட்சிங்"கும் டிக் பண்ணு, சிஎன்னா சர்ட்டிபிகேட்ல இருக்கற பேரு. உன் சர்ட்டிபிகேட்டை வச்சுக்கிட்டு இன்னொருத்தர் பேர்ல யாரும் நுழைய முடியாது.

நித்யா: டயக்னாஸ்டிக்ஸ்ல டெஸ்ட் பண்ணேன். பின், உடனே ஆறு இலக்கம், இடைவெளி இல்லாமதான் அடிச்சேன். தப்புன்னே வருது.

கார்த்தி: முகப்புல பெட்டி காட்டற நேரமும் உன் போன் நேரமும் ஒண்ணா இருக்கா பாரு.

நித்யா: பெட்டி நாலு நிமிஷம் பின்னாடி இருக்கு.

கார்த்தி: அதான். கோடு 30 செகண்டுக்கு ஒருதரம் நேரத்தை வச்சுதான் மாறும். நெட்லேருந்து சரியான நேரத்தை எடுக்கற என்டிபி ஓடுதான்னு பாத்து நேரத்தைச் சரி பண்ணு.

நித்யா: பச்சைல "சக்சஸ்ஃபுல்லி"ன்னு வந்துடுச்சு 🙏

*புதன், இரவு*

நித்யா: அத்தான், வீட்லேருந்து கனெக்ட் ஆச்சு, டேலி வேகமாவே இருக்கு. ஆனா சரியா ஒரு மணி நேரத்துல எல்லாருக்கும் அறுந்துபோகுது.

கார்த்தி: 3600 செகண்டுக்கு ஒருதரம் ஓபன்விபிஎன் சாவியைப் புதுப்பிக்கும். அப்ப பழைய ஓடிபியையே திரும்ப அனுப்பும், அது செல்லாது. கஸ்டம் ஆப்ஷன்ஸ்ல ரீநெக்-செக் 28800 போடு, எட்டு மணி நேரம் தாங்கும். கனெக்ட் பண்ண ஆளாளுக்குக் குடுத்த ஓபன்விபிஎன் ஃபைல்லயும் அதே வரி இருக்கணும். ரெண்டு பக்கத்துல எது குறைவோ அதான் நடக்கும்.

செல்வம் மாமா: போன மாசம் நின்ன பையனுக்கும் நேத்து ஒரு யூசர் போட்டுட்டாளாம்ப்பா, பழைய லிஸ்டைப் பாத்து.

கார்த்தி: ரேடியஸ்லேருந்து இப்பவே எடுத்துடுங்க மாமா. சர்ட்டிபிகேட்டையும் ரிவோகேஷன் லிஸ்ட்ல, அதாவது ரத்தானவை லிஸ்ட்ல, சேருங்க. அந்த லிஸ்டை ஓபன்விபிஎன் சர்வர் பக்கத்துல தேர்ந்தெடுத்தாத்தான் வேலை செய்யும், நிறைய பேரு அதை விட்டுடுவாங்க.

நித்யா: தேர்ந்தெடுத்து சேவ் பண்ணியாச்சு. அந்தப் பையன் ஃபைல வச்சே கனெக்ட் பண்ணிப் பாத்தேன், உள்ள விடல.