வட ஆற்காட்டைப் பேசும் நூல்களில் நீங்கள் அண்மையில் படித்தது எது?

கேள்வி: பாகாயம் வாசகர்

நண்பர்களுக்கு வணக்கம். வேலூரிலும் காட்பாடியிலும் வசிக்கும் நாங்கள் சிலர், மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடி, அந்த மாதத்தில் படித்த நூலைப் பற்றிப் பேசி வருகிறோம். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே பத்து நூல்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கரிசல் மண்ணைத் தெரிந்துகொண்டோம், தஞ்சை வயல்களைத் தெரிந்துகொண்டோம், கொங்கு நாட்டுப் பேச்சுகூட எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் நாங்கள் தினமும் கடந்துபோகும் பாலாற்றுப் பாலத்தையும் கோட்டை அகழியையும் தோல் தொழிற்சாலைகளையும் எழுதியவர்கள் யார் என்று கேட்டால், எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் விழிக்கிறார்கள்.

எனவே, வரும் மாதங்களில் நம் பகுதியோடு தொடர்புடைய நூல்களை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். எல்லை எது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாவதற்கு முன்பிருந்த பழைய வட ஆற்காட்டையே கணக்கில் கொள்ளுங்கள். ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. நீங்களே படித்த நூலை மட்டும் சொல்லுங்கள். அது எங்கே தொய்வடைகிறது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். புகழுரைகள் பின்னட்டையிலேயே போதுமான அளவு கிடைக்கின்றன.

மறுமொழி: வாலாசாக்காரர்

முதலில் எங்கள் ஊருக்கு உரிய நூலைச் சொல்லிவிடுகிறேன். மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ நாவலைப் பள்ளிப் பருவத்தில் படித்ததோடு சரி என்று விட்டுவிட்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அண்மையில் மறுபடி படித்தபோது அது எனக்கு வேறொரு நூலாகத் தெரிந்தது. மு.வ. 1912-இல் திருப்பத்தூரில் பிறந்து, வேலம் என்னும் சிற்றூரோடு உறவு கொண்டு வளர்ந்தவர். திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராகவும் அங்குள்ள பள்ளியில் தமிழாசிரியராகவும் பணியாற்றிய பின்னரே சென்னைக்குச் சென்றார். ஆகவே வாலாசாவையும் பாலாற்றங்கரையையும் எழுதும்போது, சுற்றிப் பார்க்க வந்தவரின் வியப்பு அவரிடம் இல்லை. தெருவையும் தோப்பையும் அவர் விவரிப்பதில்லை, பெயர் சொல்லிக் கடந்து போகிறார். அந்தச் சுருக்கத்தில்தான் உரிமை தெரிகிறது.

அழகும் அறிவும் வாய்க்கப்பெற்ற சந்திரனும், அவனைப் பார்த்து வியந்துகொண்டே வளரும் கதைசொல்லியான வேலய்யனும் எப்படி இருவேறு திசைகளில் போகிறார்கள் என்பதே கதை. 1961-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் இது. தொய்வு எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா? பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்லத் தொடங்கும் இடங்களில் எல்லாம் தொய்வுதான். இரண்டு இளைஞர்கள் நடந்துகொண்டே பேசுகிறார்கள் என்று ஆசிரியர் எழுதுகிறார். நமக்கோ மேடையில் யாரோ சொற்பொழிவு ஆற்றுவதுபோல் கேட்கிறது. ஆனாலும் நண்பன் ஒருவனின் வீழ்ச்சியை அருகிலிருந்து பார்ப்பவனுக்கு ஏற்படும் கையறுநிலையை, எந்த ஆரவாரமும் இல்லாமல் இத்தனை பொறுமையாகச் சொன்ன நாவல்கள் தமிழில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கட்டாயம் ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.

மறுமொழி: குடியாத்தம் ஆசிரியை

வாலாசாக்காரர் சொன்ன நாவலை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த நூலில் வரும் வட ஆற்காடு, படித்து உத்தியோகத்துக்குப் போகும் குடும்பங்களின் வட ஆற்காடு. அதோடு நிறுத்திக்கொண்டால் மாவட்டத்தின் பெரும்பகுதியைப் பார்க்காமலேயே முடித்துவிடுவோம்.

பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’யை இதற்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்த நிலம் கையைவிட்டுப் போகும்போது ஒரு தலித் குடும்பத்துக்கு அதனுடன் சேர்ந்து என்னவெல்லாம் போகின்றன என்பதை அந்த நாவல் பேசுகிறது. நம் பக்கத்துப் பேச்சுமொழி அச்சில் அப்படியே நிற்பதைப் பார்த்தபோது எனக்கு முதலில் சற்றுக் கூச்சமாகக்கூட இருந்தது. வகுப்பறையில் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டே இருக்கும் தொழிலில் இருப்பவளுக்கு அந்தக் கூச்சம் வரத்தான் செய்யும். சில பக்கங்களுக்குப் பிறகு, இந்தக் கதையை வேறெந்தத் தமிழிலும் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. பறையிசையை மையமாகக் கொண்ட அவருடைய ‘வல்லிசை’யும் நல்ல நாவலே. இருப்பினும் புதிதாக வருபவர்கள் முதலில் ‘தகப்பன் கொடி’யைத் தொடங்குவதே நல்லது.

டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலையும் யாராவது முன்மொழிவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அது திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றியது, எனவே உங்கள் எல்லைக்குள் வராது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மறுமொழி: அரக்கோணம் பயணி

‘பொன்னியின் செல்வ’னைச் சேர்க்கலாமா? சோழர் குடும்பத்தைப் பல ஆண்டுகள் உலுக்கிய தக்கோலப் போர், 949-இல், எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நடந்தது. இளவரசர் இராசாதித்தர் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டதும் அங்கேதான். மேல்பாடியில் இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சயருக்காக எடுப்பித்த பள்ளிப்படைக் கோயிலும் உங்கள் காட்பாடியிலிருந்து தொலைவில் இல்லை.

மறுமொழி: பாகாயம் வாசகர்

தக்கோலத்துக்கும் மேல்பாடிக்கும் ஒருநாள் அனைவருமாகப் போய் வரலாம், ஐயா. நாவலை மட்டும் விட்டுவிடுவோம். எங்கள் கூட்டத்தில் அதைப் படிக்காதவர் ஒருவரும் இல்லை, பேசத் தொடங்கினால் முடிப்பவரும் ஒருவரும் இல்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், காட்பாடி

‘அகல் விளக்கு’ பற்றிய பேச்சு வந்ததால் இதை எழுதுகிறேன். முடிவைத் தொடாமல் இதைச் சொல்ல இயலாது. இதுவரை படிக்காதவர்கள் இந்த மறுமொழியைத் தாண்டிச் செல்லலாம்.

வழிதவறிப் போன சந்திரன் இறுதியில் தொழுநோய்க்கு ஆளாகிறான். கதைசொல்லி நண்பனைக் கைவிடவில்லை என்பது உண்மைதான். ஆயினும் ஒழுக்கம் தவறியதற்குக் கிடைத்த கூலிபோல அந்த நோய் கதைக்குள் வந்து சேர்கிறது. அக்கால வாசகர்களும் அப்படியே படித்திருப்பார்கள். நாவல் வெளிவந்தது 1958-இல். அதே ஆண்டுகளில், அந்த நாவலின் களத்திலிருந்து சிறிது தூரத்தில், வேலூரிலும் கரிகிரியிலும் அந்த நோயைப் பற்றிய உலகின் எண்ணத்தையே மாற்றிய வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை.

1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், ஃபிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதி 1993-இல் வெளியிட்ட நூல், பிறகு ‘தி கிஃப்ட் ஆஃப் பெய்ன்’ என்னும் பெயரில் மறுபதிப்பாக வந்தது. செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றபோது, மடங்கிப்போன விரல்களைக் கொண்ட நோயாளி ஒருவரின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கும்படி கேட்கிறார் பிராண்ட். வலுவே இருக்காது என்று எண்ணியவருக்கு, தன் கை நசுங்கிவிடும்போல் இருக்கிறது. அந்தப் பிடியில் இருந்த ஆற்றல்தான், செயலற்ற தசைகளுக்குப் பதிலாக நல்ல தசைநாண்களை இடம்மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தலாம் என்ற எண்ணத்துக்கு வித்திட்டது.

அதைவிட முக்கியமானது, விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று அவர் கண்டறிந்த கதை. நோயே சதையைத் தின்கிறது என்றுதான் மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றில் சாவியைத் திருப்ப முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருக்க, சிறுவனான நோயாளி ஒருவன் அதை எளிதாகத் திறந்து கொடுக்கிறான். தரையில் சொட்டிய இரத்தத்தைக் கண்டு அவன் விரலைப் பிடித்துப் பார்த்தால், எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருக்கிறது. பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அறுவை சிகிச்சையால் கைகள் சீரான பிறகும் சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்த மர்மத்துக்கும் விடை அதுவே: தூங்கும்போது எலிகள் கடித்தன, உணர்ச்சி இல்லாததால் எவரும் விழிக்கவில்லை. அன்றிலிருந்து நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுத்து அனுப்பினார்களாம். வலி இல்லாமைதான் உண்மையான கேடு என்பதை அந்தப் பூனைகளைவிட எளிமையாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதைப் படித்தவர்கள், டாரதி கிளார்க் வில்சன் எழுதிய ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ நூலையும் தேடுங்கள். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த வரலாறு அது. வில்சனின் நடையில் பக்தி சற்றுத் தூக்கலாகவே இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டால் அன்றைய வேலூரின் வார்டுகளும் வெயிலும் நன்றாகக் கிடைக்கும். வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய இடா ஸ்கடரைப் பற்றி வில்சனே எழுதிய ‘டாக்டர் இடா’ ஏற்கெனவே பலருக்கும் தெரிந்ததால் விரித்து எழுதவில்லை.

மறுமொழி: வாலாசாக்காரர்

அம்மா, நீங்கள் சொன்ன கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் மு.வ.வின் பக்கம் நின்று ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நோயைத் தண்டனையாக வைத்தார் என்பதை ஏற்கிறேன். அக்காலத்தில் தொழுநோயாளியைத் தெருவைவிட்டே துரத்துவது வழக்கமாக இருக்க, நண்பனாகவே அவனை அணுகும் ஒருவனை வாசகருக்கு முன்மாதிரியாகக் காட்டியதும் அவரே. இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்துப் பேசினால் சண்டை நன்றாக இருக்கும்.

மறுமொழி: கோட்டைவாசல்

வேலூர் என்றாலே 1806 ஜூலை 10-இல் கோட்டைச் சிப்பாய்கள் நடத்திய புரட்சி நினைவுக்கு வரும். அதைப் பற்றிப் படிக்க விரும்புவோர் பேராசிரியர் கா.அ. மணிக்குமாரின் ஆய்வுநூலிலிருந்து தொடங்கலாம். தாடியும் நெற்றிக்குறியும் கூடாது, புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணைகளோடு நம் பள்ளிப்பாடம் நின்றுவிடுகிறது. அவற்றுக்குப் பின்னால் இருந்த நிலவரிச் சுமையையும் சிப்பாய்களின் மனக்குறைகளையும் தெரிந்துகொண்டால்தான், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்வதற்குள் கோட்டைக்குள் நடந்தவை விளங்கும்.

எனினும் நான் அண்மையில் படித்து, மறக்க முடியாமல் இருப்பது அதுவன்று. ஒத்துழையாமை இயக்கத்தின்போது கைதான இராஜாஜி, 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்பு. மெல்லிய நூல், ஒரே நாளில் முடித்துவிடலாம். சிறை அன்றாடத்தைச் சலிப்பில்லாமல் குறித்துக்கொண்டே போகிறவர், 1922 ஜனவரி 24-ஆம் நாள், விடுதலை கிடைத்த மறுகணமே தேர்தல்களும் அவற்றின் ஊழல்களும் செல்வத்தின் கொடுமையும் நிர்வாகத் திறமையின்மையும் மக்கள் வாழ்க்கையை நரகமாக்கும் என்று எழுதுகிறார். விடுதலைக்காகச் சிறையில் இருந்துகொண்டே அதை எழுத ஒரு தனித் துணிவு வேண்டும். அவருடைய பிற்கால அரசியலை ஏற்காத நானும் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

மறுமொழி: பாகாயம் வாசகர்

அனைவருக்கும் நன்றி. முதல் மாதம் ‘அகல் விளக்கு’, அடுத்த மாதம் பிராண்டின் நூல் என்று வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலம் சிரமமாக இருப்பவர்களுக்காகப் பூட்டும் பூனையும் வரும் அத்தியாயங்களைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பைச் செவிலியர் அம்மா ஏற்றுக்கொண்டால் மகிழ்வோம். மூன்றாவதாக ‘தகப்பன் கொடி’, அதன்பின் இராஜாஜியின் நாட்குறிப்பு. நாட்குறிப்பின் படி எங்களிடம் இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன். கோட்டைவாசல் நண்பரிடம் சொந்தப் படி இருந்தால், நகலெடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிடுவோம். குடியாத்தம் ஆசிரியை அவர்கள் மூன்றாம் மாதக் கூட்டத்துக்கு நேரில் வர இயலுமா என்று தெரிவித்தால், அவருக்கு வசதியான ஞாயிற்றுக்கிழமையையே தேர்ந்துகொள்கிறோம்.