ஆட்டுக்கு மந்தை, வெற்றிலைக்குக் கவுளி: பயிற்சித்தாளில் சில ஐயங்கள்

கேட்டவர்: வகுப்பறை

ஐந்தாம் வகுப்புக்குத் தொகுப்புப் பெயர்கள் பற்றி ஒரு பயிற்சித்தாள் தயாராகிறது. கடையில் விற்கும் ஏடுகளில் எதற்கெடுத்தாலும் "கூட்டம்" என்றே இருக்கிறது, புலிக் கூட்டம் உட்பட. வாழைக்குத் தாரா, குலையா? மந்தை, பட்டி, கிடை மூன்றும் ஒன்றுதானா? "மாணவர் கூட்டம் வந்தார்கள்" என்று பிள்ளைகள் எழுதினால் மதிப்பெண் குறைக்கலாமா? ஒற்று மிகும் இடங்களையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் சொன்னவர்கள்: கொடிக்கால், மேய்ச்சல், ஒற்று

கொடிக்கால்

தாரும் சரி, குலையும் சரி. சந்தையில் பெரும்பாலும் தார், நாகர்கோவில் பக்கம் குலை. எதற்கும் தவறு போடாதீர்கள். ஆனால் சீப்பு வேறு, அது தாரின் உட்பிரிவு. நேந்திரன் தாரில் 5, 6 சீப்புதான் இருக்கும், சீப்புக்கு 8 முதல் 14 காய். "பொருத்துக" கேள்வியில் தார், சீப்பு இரண்டையும் வைத்தால் வாழைக்கு இரண்டு விடை வந்துவிடும். தேங்காய்க்கும் இளநீருக்கும் குலை மட்டுமே.

வெற்றிலைக்குக் கவுளி. பொதுவாக 100 வெற்றிலை ஒரு கவுளி. பரமத்தி வேலூர் சந்தையில் 104 கவுளியை ஒரு சுமை என்று ஏலம் விடுவார்கள்.

நெல்லை விட்டுவிடாதீர்கள், ஒரே பயிருக்கு எத்தனை சொல் பாருங்கள். பறித்த நாற்றைக் கட்டினால் முடி. அறுத்துக் கைப்பிடியாகக் கீழே போட்டால் அரி. அரிகளைச் சேர்த்துக் கட்டினால் கட்டு. அடித்த நெல்லைக் குவித்தால் அம்பாரம். மிஞ்சிய வைக்கோலை அடுக்கினால் போர். விலங்குப் பட்டியலைவிட இதைப் படமாக வரைந்து கேட்டால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும்.

மேய்ச்சல்

மூன்றும் ஒன்றல்ல. மந்தை என்பது ஒன்றாக மேயும் கால்நடை. பட்டி என்பது இரவில் அடைக்கும் இடம். "ஒரு பட்டி ஆடு" என்று அதிலிருக்கும் ஆடுகளையும் சேர்த்துச் சொல்வதுண்டு. கிடை என்பது அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆடுகளை இரவு படுக்க வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணிலேயே விழும், மறுநாள் இடம் மாற்றுவார்கள். ஐந்தாம் வகுப்புக்கு "ஆட்டு மந்தை" போதும். ஆநிரை என்ற பசுக் கூட்டம், அதைக் கவரும் வெட்சித் திணை, மீட்கும் கரந்தைத் திணை எல்லாம் மேல்வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

புலிக் கூட்டத்தை அடித்துவிடுங்கள். தாயும் குட்டிகளும் சேர்ந்து திரியுமே தவிர, புலி தனித்து வாழும் விலங்கு. அந்த இடத்தில் யானையோ செந்நாயோ போடலாம். ஆங்கிலத்தில் காக்கைக் கூட்டத்தை "murder" என்பதை அப்படியே பெயர்த்து, காக்கைகளுக்கு "கொலை" என்று போட்ட பட்டியல் எங்காவது கண்ணில் பட்டால் அதையும் தொடாதீர்கள்!

ஒற்று

"மாணவர் கூட்டம் வந்தது" என்பதே சரி. எழுவாய் கூட்டம், அது ஒருமை, அஃறிணை. "மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள்" என்பதும் சரி. அங்கே எழுவாய் மாணவர்கள். "மூன்று யானைக் கூட்டங்கள் வந்தன" என்றால் மூன்று தனித்தனிக் கூட்டம். ஒரே கூட்டத்துக்குப் பன்மை போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இலக்கணப் பகுதியில் மதிப்பெண் குறைக்கலாம், கட்டுரையில் அடிக்கோடு போதும்.

ஒற்று: யானைக் கூட்டம், எறும்புக் கூட்டம், விறகுக் கட்டு, வாழைத்தார். ஆடு, மாடு இரண்டும் ஆட்டு, மாட்டு என்றாகும். மந்தை மெல்லினத்தில் தொடங்குவதால் நடுவில் ஒற்று வராது. கல், நெல், வைக்கோல் மூன்றிலும் ல் திரிந்து கற்குவியல், நெற்குவியல், வைக்கோற்போர் என்று வரும். "வைக்கோல் போர்" என்று இடம்விட்டு எழுதிய பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம், அச்சிலும் அப்படி நிறைய வருகிறது. மரங்களில் கவனம்: பனந்தோப்பு, தென்னந்தோப்பு இரண்டிலும் ஐ போய் அம் வரும். வாழைத்தோட்டத்தில் ஐ அப்படியே நிற்கும். ஒரே வரிசையில் கொடுத்தால் "வாழந்தோட்டம்" என்று எழுதிவிடுவார்கள், பிரித்துக் கொடுங்கள்.

வகுப்பறை

மிக்க நன்றி. புலியை எடுத்தாயிற்று, நெல்லுக்குத் தனிப் பக்கம். ஒன்று மட்டும்: சாவிக்குக் கொத்தா, கற்றையா?

ஒற்று

கொத்து. கற்றை, நீளவாக்கில் சேர்ந்து கிடப்பதற்கு: முடிக்கற்றை, ஒளிக்கற்றை.