பிரைமேட்: முதனியா, குரங்கினமா?

சேலத்திலிருந்து:
அவையோருக்கு வணக்கம். வன உயிரின வாரம் அக்டோபர் 2-ல் தொடங்குகிறது. கல்லூரிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதில் ஒரு பக்கம், பிரைமேட்டுகளை (குரங்கு, தேவாங்கு, மனிதன் அடங்கிய விலங்கு வரிசை) ஆராயும் இன்டர்நேஷனல் பிரைமட்டலாஜிக்கல் சொசைட்டி பற்றியது. 1966-ல் பிராங்க்பர்ட்டில் முதல் மாநாடு, 1979-ல் பெங்களூரில் மாநாடு, 1980 முதல் ஆய்விதழ், களப்பணிக்கும் பாதுகாப்புப் பணிக்கும் நல்கை என்று எல்லாம் எழுதியாயிற்று. பெயர்தான் நிற்கிறது. 'பன்னாட்டுக் குரங்கியல் கழகம்' என்றால் தேவாங்கு வெளியே போய்விடுகிறது, மனிதனும்தான். என்ன போடலாம்?

ஆத்தூரிலிருந்து:
'முதனி' இணையத்தில் ஏற்கெனவே புழங்குகிறது அம்மா, அதையே எடுங்கள். 1758-ல் இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்த வரிசைக்கு வைத்த இலத்தீன் பெயருக்கும் 'முதல்' என்பதே பொருள். முதன்மை போல முதனி. முதனியியல் கழகம்.

ஓமலூரிலிருந்து:
புணர்ச்சி இடிக்கிறது ஐயா. லகரம் னகரமாவது மெல்லினம் வந்தால்தான்: முதல்+மை முதன்மை, முதல்+நூல் முதனூல். இகர விகுதி சேர்ந்தால் 'முதலி' என்றுதான் வரும். அதற்கோ வேறு பொருள் ஏறிக்கிடக்கிறது. மேலும் 'நாமே முதல்' என்ற மனிதனின் செருக்கைத் தமிழிலும் ஏன் சுமக்க வேண்டும்? நான்கு காலாலும் பற்றுகிறவை என்பதால் 'நாற்கையினம்' என்பேன். காரணப்பெயர், கேட்டவுடன் விளங்கும்.

மேட்டூரிலிருந்து:
நாற்கை வேண்டாம் ஐயா. மனிதனை இருகையர் என்றும் குரங்குகளை நாற்கையர் என்றும் பிரித்த பழைய வகைப்பாடே அதுதான். குரங்கினத்தின் பின்கால் எலும்பும் தசையும் பாதத்துக்கு உரியவை, கைக்கு உரியவை அல்ல என்று காட்டி 1863-ல் உயிரியலாளர் ஹக்ஸ்லி அதை உடைத்துவிட்டார். நகத்தை வைத்து 'நகவிரலி' என்றாலும் நிற்காது. தேவாங்குக்குப் பின்காலின் இரண்டாம் விரலில் மட்டும் உகிர், அதாவது கூர்நகம், இருக்கிறது, மயிர் கோத. மற்ற விரல்களில் தட்டை நகம். மார்மோசெட் என்ற தென்னமெரிக்கச் சிறு குரங்குக்கோ கால் பெருவிரலைத் தவிர எல்லாமே உகிர். ஓர் உறுப்பை வைத்துப் பெயரிட்டால் இப்படி ஒன்று தப்பிக்கொண்டே இருக்கும். 'கைவிலங்கு' என்று யாரும் தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன்: அது காவல் நிலையத்துப் பொருள். 'கைம்மா' யானைக்குப் போய்விட்டது.

ஆத்தூரிலிருந்து:
அப்படியானால் 'மந்தியினம்'? பழஞ்சொல், இனிய சொல்.

ஏற்காட்டிலிருந்து:
மந்தியைத் தொடவே வேண்டாம். தொல்காப்பிய மரபியலில் குரங்கு, முசு, ஊகம் என்ற மூன்று குரங்கு வகைகளின் பெண்ணுக்கும் மந்தி என்றே பெயர். குரங்கின் ஆண் கடுவன். இன்றைக்குக் கருமந்தி என்றால் நீலகிரி லங்கூர் என்ற குரங்கு வகை, ஆணும் பெண்ணும் சேர்த்துத்தான். நாம் குரங்குகளை எண்ணும் கணக்கெடுப்புத் தாளில் கடுவன், மந்தி, இளையது, குட்டி என்று நான்கு கட்டம் போட்டால், ஒருவர் மந்தி என்ற கட்டத்தில் பெண்ணை எழுதுவார், இன்னொருவர் லங்கூர் என்று நினைத்துக் காலியாக விடுவார். ஆண்-பெண் விகிதமே கெட்டுப்போகும். கூட்டம் வரிசையாகச் சாலையைக் கடக்கும்போது ஓரிடத்தில் நின்று எண்ணுகிறோம். திரும்ப எண்ண வாய்ப்பில்லை. தாளில் 'வளர்ந்த ஆண்', 'வளர்ந்த பெண்' என்றே இருக்கட்டும்.

இன்னொன்று. மலைப்பாதைக்கான பலகை வாசகமும் இந்தக் கையேட்டிலிருந்துதான் எடுக்கப்படும். 'முதனிகளுக்கு உணவிடாதீர்' என்று எழுதினால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒருவருக்கும் புரியாது. வண்டி மெதுவாகும் வளைவில்தான் பொட்டலம் வீசுகிறார்கள். குரங்கு அதைக் கன்னப்பையில் அடைக்கும் அவசரத்தில் எதிரே வரும் வண்டியைப் பார்ப்பதில்லை. அடிபடுவது அங்கேதான். பலகையில் 'குரங்கு' என்று எழுதுங்கள்.

மேட்டூரிலிருந்து:
வழிமொழிகிறேன். கையேட்டின் உள்பிரிவுக்கு ஈரமூக்கி, உலர்மூக்கி என்ற இணையை வைக்கலாம். தேவாங்கு முதலதில், குரங்கும் மனிதனும் இரண்டாவதில். டார்சியர் என்ற தென்கிழக்காசியச் சிறு விலங்கு பார்வைக்குத் தேவாங்கு போலத் தோன்றினாலும் உலர்மூக்கியே. அதை மட்டும் மாற்றி அச்சடித்துவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து:
நன்றி. அட்டையில் 'பன்னாட்டு முதனியியல் கழகம்'. முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை 'குரங்கு, தேவாங்கு, மனிதன் அடங்கிய வரிசை' என்ற விளக்கம். பலகையில் குரங்கு. தாளில் ஏற்காட்டு ஐயா சொன்னபடி.

ஓமலூரிலிருந்து:
அச்சுக்குத் தடை சொல்லவில்லை அம்மா. ஆனால் முதனி புணர்ச்சிப் பிழை என்ற என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல் கிடைத்தால் அடுத்த பதிப்புக்கு முன் எழுதுகிறேன்.